புக்கிட்திங்கிக்குப் போங்கள், மாராப்பியில் ஏறாதீர்கள்

செமஸ்டர் விடுமுறை நெருங்கினால் எங்கள் பல்கலைக்கழக வாட்ஸ்அப் குழுக்களில் இரண்டே பேச்சுதான். ஒன்று பகுதிநேர வேலை, மற்றொன்று மலிவு விமான டிக்கெட். இந்த இரண்டாவது பேச்சில் அண்மைக் காலமாக அடிக்கடி அடிபடும் பெயர் பாடாங். கோலாலம்பூரிலிருந்து விமானத்தில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். விசா வேண்டாம், மலாய்மொழி போதும், செலவும் மாணவர் கைக்கு எட்டும். பாடாங்கில் இறங்கி மலைப்பாதையில் வடக்கே ஏறத்தாழ 90 கிலோமீட்டர் போனால் புக்கிட்திங்கி வந்துவிடும்.

டச்சுக்காரர்கள் கோட்டை கட்டி, அதைச் சுற்றி வளர்த்த மலைநகரம் அது. கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே இருப்பதால் மாலையில் மெல்லிய குளிர் அடிக்கும். ஊரின் ஒரு பக்கம் 2,877 மீட்டர் உயரச் சிங்காலாங், இன்னொரு பக்கம் 2,891 மீட்டர் உயர மாராப்பி. இரண்டுமே எரிமலைகள். (ஜாவாவில் யோக்யகர்த்தாவுக்குப் பக்கத்தில் இருப்பது மெராப்பி. பெயர் ஒன்றுபோல ஒலித்தாலும் மலை வேறு.) சிங்காலாங் தூங்குகிறது. மாராப்பி தூங்குவதே இல்லை. சுமத்ராவில் அதிகம் சீறும் எரிமலை அதுதான்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புக்கிட்திங்கிக்குக் கட்டாயம் போங்கள், மூன்று நாளாவது தங்குங்கள். ஆனால் சமூக ஊடகக் காணொளிகளைப் பார்த்து மாராப்பி உச்சியில் சூரிய உதயம் பார்க்கும் திட்டம் போட்டிருந்தால், அதைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.

2023 டிசம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை. பிற்பகல் மூன்று மணிக்குச் சற்று முன்னதாக மாராப்பி வெடித்தது. சாம்பல் உச்சிக்கு மேலே மூன்று கிலோமீட்டர் வரை எழும்பியது. அப்போது மலையில் 75 பேர் இருந்தார்கள். அவர்களில் 24 பேர் உயிரோடு திரும்பவில்லை. இறந்தவர்களில் மாணவர்களும் இருந்தார்கள், நம் வயதுக்காரர்கள். நாம் எதற்காக மலை ஏறுவோமோ, அதற்காகத்தான் அவர்களும் ஏறியிருப்பார்கள்.

இந்தச் செய்தியைப் படித்தபோது என்னை உறுத்தியது ஒரு சொல். இந்தோனேசியாவில் எரிமலைகளுக்கு நான்கு எச்சரிக்கை நிலைகள் உண்டு: நார்மல், வஸ்படா, சியாகா, அவாஸ். மாராப்பி 2011 முதல் இரண்டாம் நிலையான வஸ்படாவில் இருந்தது. விழிப்பாக இரு என்று பொருள்படும் அந்தச் சொல் நமக்குப் பள்ளி மலாய்ப் பாடத்திலேயே பழக்கமானது. அந்த நிலையில் எரிமலை ஆய்வு மையம் சொன்ன அறிவுரை, எரிமலை வாயிலிருந்து மூன்று கிலோமீட்டருக்குள் யாரும் நெருங்க வேண்டாம் என்பது. உச்சி அந்த வட்டத்துக்குள்ளேயேதான் இருக்கிறது. ஆனாலும் மலையேற்றத்துக்கான முன்பதிவு நடந்துகொண்டுதான் இருந்தது, முறைப்படி பதிந்து அனுமதி பெற்றவர்களும் ஏறினார்கள். அனுமதி கிடைப்பதும் ஆபத்தில்லை என்பதும் ஒன்றல்ல. எரிமலைகள் பலவும் வெடிப்பதற்கு முன் நிலநடுக்கம், வாயு என்று ஏதாவது அறிகுறி காட்டும். மாராப்பியோ பெரிய முன்னறிவிப்பு எதுவும் இல்லாமலே வெடிக்கக்கூடியது. அதனால்தான் அந்த மூன்று கிலோமீட்டர் கணக்கு.

"சாலையில் போனாலும்தான் சாகிறார்கள்" என்று என் நண்பன் ஒருவன் வாதாடினான். இந்த வாதத்தை நான் பல இடங்களில் கேட்டுவிட்டேன். சாலையில் பிரேக் இருக்கிறது, ஹெல்மெட் இருக்கிறது, ஓரமாக ஒதுங்க இடம் இருக்கிறது. எரிமலை வாயின் விளிம்பில் கல்லும் சாம்பலும் பறந்து வரும்போது நம் சாமர்த்தியத்துக்கு அங்கே வேலையே இல்லை. இன்னொன்றையும் அவன் யோசிக்கவில்லை. டிசம்பர் 3-க்குப் பிறகு உடல்களைத் தேடி இறக்கும் வேலை நாள்கணக்கில் நடந்தது. மலை அப்போதும் சீறிக்கொண்டிருந்ததால் தேடலை இடையிடையே நிறுத்த வேண்டியிருந்தது. அந்த மலையில் தூக்குக்கட்டிலோடு ஏறியவர்களும் யாரோ பெற்ற பிள்ளைகள்தான்.

மலையடிவாரத்துக் காய்கறித் தோட்டக்காரர்களுக்கு வேறு வழியில்லை. எரிமலை மண்தான் அவர்களுக்கு முட்டைக்கோசும் கேரட்டும் மிளகாயும் தருகிறது. அதே எரிமலை 2024 மே 11-ஆம் தேதி இரவு, தன் சரிவில் குவிந்துகிடந்த சாம்பலையும் பாறையையும் கனமழையில் கரைத்து ஊர்களுக்குள் அனுப்பியது. அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பாடாங்கிலிருந்து ஏறிவரும் முதன்மைச் சாலையே ஆனாய்ப் பள்ளத்தாக்கில் அறுந்து, பல வாரங்கள் மூடிக்கிடந்தது. அங்கே வாழ்கிறவர்கள் அந்த ஆபத்தோடு வாழ்ந்தாக வேண்டும். நமக்கு அது ஒரு வார இறுதி மட்டுமே.

சரி, மலை ஏறாவிட்டால் அந்த ஊரில் என்னதான் செய்வது? போன விடுமுறையில் மூன்று வகுப்புத்தோழிகளோடு நான்கு நாள் அங்கே இருந்தேன். நேரம் போதவில்லை.

ஊரின் நடுவில் நிற்கும் ஜாம் காடாங் மணிக்கூண்டை எல்லாரும் படம் எடுப்பார்கள், நீங்களும் எடுத்துக்கொள்ளுங்கள். 1926-இல் கட்டியது. அதன் கூரையைக் கவனியுங்கள். டச்சுக்காரர் காலத்தில் உருண்டைக் கூரையும் மேலே ஒரு சேவலும் இருந்தன. ஜப்பான்காரன் வந்ததும் அதை அவன் நாட்டுக் கோயில் பாணிக்கு மாற்றினான். சுதந்திரத்துக்குப் பிறகுதான் இன்றுள்ள மினாங்கபாவ் கொம்புக் கூரை வந்தது. கூண்டு ஒன்று, மூன்று ஆட்சிக்கு மூன்று தொப்பி. ஃபோர்ட் டி கோக் கோட்டை என்று நம்பிப் போகிறவர்களுக்கு ஏமாற்றம்தான் மிஞ்சும். பாத்ரிப் போர்க் காலத்தில், 1825-இல் எழுப்பிய அந்த இடத்தில் இப்போது ஒரு மேடும் சில பீரங்கிகளும் ஒரு தண்ணீர்த் தொட்டியும்தான் இருக்கின்றன. கால் மணி நேரம் போதும். இந்தோனேசியாவின் முதல் துணை அதிபர் ஹத்தா 1902-இல் பிறந்த வீட்டுக்கு அந்த நேரத்தைக் கொடுங்கள். அசல் வீடு அல்ல, அதே இடத்தில் 1990-களில் மறுபடியும் கட்டியது என்றாலும், மரப்படியும் சிறிய அறைகளும் ஒரு காலத்தைக் காட்டுகின்றன.

நான் நின்று பார்க்க வேண்டும் என்று சொல்வது லோபாங் ஜெப்பாங்கை. சியானோக் பள்ளத்தாக்கின் ஓரத்தில், பனோராமா பூங்காவிலிருந்து நூற்றுக்கு மேற்பட்ட படிகள் கீழே இறங்கினால் ஜப்பானியர் தோண்டிய சுரங்கம். ஒன்றரைக் கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான நீளம். தோண்டியவர்கள் ரொமூஷா எனப்பட்ட கட்டாயத் தொழிலாளர்கள். அவர்களில் எத்தனை பேர் இறந்தார்கள் என்பதற்கு நம்பகமான கணக்கே கிடையாது. எங்களுக்கு முன்னால் போன கூட்டத்துக்கு வழிகாட்டி பேய்க்கதை சொல்லிக்கொண்டு போனார். பிள்ளைகள் கத்திச் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

காரணம் இதுதான். மலாயாவையும் சிங்கப்பூரையும் பிடித்தது ஜப்பானின் 25-ஆவது படை. அதே படைதான் 1943-இல் தன் தலைமையகத்தைச் சிங்கப்பூரிலிருந்து புக்கிட்திங்கிக்கு மாற்றிக்கொண்டது. அதே ஆண்டில்தான் நம் தோட்டப்புறங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழர்களைச் சயாம் மரண ரயில்பாதைக்கு ஏற்றிச் சென்றார்கள். என் பாட்டியின் பெரியப்பா அப்படிப் போனவர், திரும்பவில்லை. வீட்டில் அவருடைய படம்கூட இல்லை, பெயர் மட்டும் இருக்கிறது. பள்ளி வரலாற்றுப் பாடத்தில் ஜப்பானியர் ஆட்சியைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்திருக்கிறேன். அந்தச் சுரங்கத்தின் ஈரச் சுவரில் கையை வைத்தபோதுதான், நம் தோட்டத்துக் கதையும் சுமத்ராக்காரர்களின் கதையும் ஒரே ஆட்சியின் இரண்டு பக்கங்கள் என்று உறைத்தது. நம் பெரியவர்கள் சொல்லும் ‘ஜப்பான்காரன் காலம்’ அங்கேயும் அதே காலம்தான்.

இதே மாதிரி இன்னொன்று, இலைக் காப்பி. காவா டாவுன் என்பார்கள். காப்பிக் கொட்டை இல்லை, காப்பிச் செடியின் இலையை அனலில் வாட்டிக் கொதிக்கவைத்துத் தேங்காய்ச் சிரட்டையில் தருகிறார்கள். புகை வாசம் அடிக்கும் மெல்லிய தேநீர் மாதிரி இருக்கும். புக்கிட்திங்கியிலிருந்து பத்துசங்கார் போகும் சாலையில் நிறையக் கடைகள் உண்டு. மேற்குச் சுமத்ராவில் டச்சு அரசு 1847-இல் காப்பிப் பயிரைக் கட்டாயமாக்கியது. கொட்டை முழுவதும் அரசுக் கிடங்குக்குப் போக வேண்டும். விளைவித்தவனுக்கு மிஞ்சியது இலை என்கிறார்கள் ஊர்க்காரர்கள். 1908-இல் அந்த முறையைக் கைவிட்டு அதற்குப் பதில் பணவரி விதித்தபோது, பக்கத்தில் உள்ள காமாங் மக்கள் எதிர்த்து நின்று உயிரைக் கொடுத்தார்கள். பால்மரம் வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இந்தக் கதையை விளக்க வேண்டியதில்லை.

சாப்பாடு பற்றி ஓர் எச்சரிக்கை. மேல்சந்தையில் நாசி காப்பாவ் கடைகளில் அம்மாமார்கள் உயரத்தில் உட்கார்ந்துகொண்டு, நீண்ட அகப்பையால் கீழே உள்ள சட்டிகளிலிருந்து குழம்பை எடுத்து ஊற்றுவார்கள். பார்க்கவே அழகு. ஆனால் பாதிச் சட்டிகளில் மாட்டிறைச்சி. குடலுக்குள் முட்டையை அடைத்துச் சமைத்த கறியும் உண்டு. என்னைப்போல் மாடு சாப்பிடாதவர்கள் முதலிலேயே கேட்டுவிடுங்கள். அக்கா என்பதற்கு ‘ஊனி’, அண்ணன் என்பதற்கு ‘ஊடா’. ஊனி என்று கூப்பிட்டுக் கேட்டேன். மீனும் கோழியும் பலாக்காய்க் கறியும் தட்டு நிறைய வந்தன.

எங்களோடு வந்த ரெம்பாவ் தோழிக்குத்தான் அந்த ஊர் முழுமையாகத் திறந்தது. சந்தைக்காரர்கள் ‘அப்போ’, ‘திகோ’ என்று பேச, அவள் தன் பாட்டியின் பேச்சிலேயே பதில் சொன்னாள். நெகிரி செம்பிலானுக்கு அவள் முன்னோர் போனது இங்கிருந்துதான். குடும்ப நிலமும் வீடும் அம்மா வழியில் மகளுக்குப் போகும் வழக்கமும் அவர்கள் கொண்டு வந்ததே. மகளுக்கு எதற்குச் சொத்து என்று இன்னமும் கேட்கும் மாமாக்கள் நம் குடும்பங்களில் இருக்கிறார்கள். அவர்களை ஒருமுறை அழைத்துப் போகலாம்.

பெண் பிள்ளைகளுக்காக இன்னோர் இடம். பள்ளத்தாக்கின் படிக்கட்டில் இறங்கி மறுபக்கம் ஏறினால் கோட்டோ காடாங் கிராமம். வெள்ளி நகை வேலைக்குப் பேர்போனது. ரொஹானா கூடூஸ் 1884-இல் இங்கே பிறந்தார். பள்ளிக்கூடம் போகாமல் அப்பாவிடம் படித்தவர். 1911-இல் பெண்களுக்குக் கைத்தொழிலும் எழுத்தும் கற்பிக்க அமாய் செத்தியா என்ற அமைப்பைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே ‘சூந்திங் மலாயு’ என்ற பெண்கள் பத்திரிகையை நடத்தினார். இந்தோனேசியா 2019-இல் அவரைத் தேசிய வீரராக அறிவித்தது. அமாய் செத்தியா கட்டடம் இன்றும் இருக்கிறது. உள்ளே பூத்தையலும் வெள்ளி நகையும் விற்கிறார்கள். படிக்கட்டு மூச்சு வாங்கவைக்கும், தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் மலை ஏறியே தீருவேன் என்பவர்களுக்குச் சிங்காலாங் இருக்கிறது. அதுவும் விளையாட்டு இல்லை. மழைக்காடு, சேறு, வழுக்கல், பாதி வழியில் மூடுபனி. உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் போகக்கூடாது. கிளம்பும் நாளன்று மாக்மா இந்தோனேசியா தளத்தில் இரண்டு மலைகளின் நிலையையும் பார்த்துக்கொள்ளுங்கள், ஒரு வாரம் முன்பு பார்த்தது போதாது. உச்சிக்குச் சற்றுக் கீழே தெலாகா தேவி என்ற சிறிய ஏரி இருக்கிறது. வானம் தெளிந்திருந்தால் மேலிருந்து மாராப்பி நேர் எதிரே தெரியும். படத்தை அங்கிருந்தே எடுத்துக்கொள்ளலாம்.