தோற்ற பாட்டு செய்த வேலை

பாட்டுப் போட்டியில் மேடையேறிய பிள்ளை பரிசில்லாமல் இறங்கி வந்தால், வீடு போய்ச் சேரும்வரை காரில் ஒருவரும் வாய் திறப்பதில்லை. அப்படி வீடு திரும்பியவர்களுக்காக இந்த வாரம் ஒரு நாட்டின் கதை.

நாடு, போர்த்துகல். 1511-இல் கப்பலேறி வந்து மலாக்காவைப் பிடித்தார்களே, அவர்களேதான். ஐரோப்பிய நாடுகள் ஆண்டுதோறும் நாட்டுக்கொரு பாட்டு அனுப்பி மோதிக்கொள்ளும் யூரோவிஷன் போட்டியில் 1964-இல் முதன்முறையாகக் கலந்துகொண்டார்கள். கிடைத்தது முட்டை! ஒரு புள்ளிகூட இல்லை. அதன் பிறகு அரை நூற்றாண்டு முயன்றும், 1996-இல் பெற்ற ஆறாவது இடத்தைத் தாண்ட முடியவில்லை.

ஆனால், 1974-இல் நடந்ததைக் கேளுங்கள். இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் ஏப்ரல் 6-ஆம் தேதி போட்டி. சுவீடனின் அப்பா குழு ‘வாட்டர்லூ’ பாடி வென்றது. போர்த்துகலின் பாவ்லோ டி கார்வால்யூ பாடியது, பிரிவைச் சொல்லும் ஒரு காதல் பாட்டு. மொத்தம் 3 புள்ளி. 17 நாடுகளில் கடைசி இடம். அதையும் வேறு மூன்று நாடுகளோடு பங்கு போட வேண்டியதாயிற்று.

பதினெட்டே நாளில், ஏப்ரல் 24 இரவு 10.55 மணிக்கு, லிஸ்பன் வானொலி ஒன்றில் அதே பாட்டு ஒலித்தது. கேட்டவர்களுக்கு அது வழக்கமான பாட்டு. சர்வாதிகார ஆட்சியைக் கவிழ்க்கத் திட்டமிட்டிருந்த இளம் ராணுவ அதிகாரிகளுக்கோ, ‘தயாராகுங்கள்’ என்ற சமிக்ஞை! காதல் பாட்டை யார் சந்தேகப்படப் போகிறார்கள்? நள்ளிரவு கடந்ததும் இன்னொரு வானொலியில் வேறொரு பாட்டு. ‘புறப்படுங்கள்’ என்று அதற்குப் பொருள். மறுநாள் மாலைக்குள் 48 ஆண்டு சர்வாதிகாரம் சரிந்தது. மக்கள் ராணுவ வீரர்களின் துப்பாக்கி முனையில் கார்னேஷன் பூக்களைச் செருகினார்கள். அடுத்த ஆண்டே அங்கோலாவும் மொசாம்பிக்கும் விடுதலை பெற்றன.

போர்த்துகலின் முதல் வெற்றிக்கு 2017 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பாடியவர் சால்வடோர் சோப்ரால், இதய நோயாளி. உடல்நிலை காரணமாக முதல் ஒத்திகைகளில் அவருக்குப் பதிலாக நின்று பாடியவர், பாட்டை எழுதிய அக்காள் லூயிசா. ஆட்டமில்லை, வாணவேடிக்கை இல்லை; தாய்மொழியில் மெல்லிய ஒரு பாட்டு. 758 புள்ளிகள், போட்டியின் வரலாற்றுச் சாதனை! அந்த டிசம்பரில் அவருக்கு மாற்று இதயம் பொருத்தப்பட்டது.

அடுத்த ஆண்டு போட்டியை லிஸ்பன் நகரே நடத்தியது. இறுதிச் சுற்றில் போர்த்துகலுக்கு மீண்டும் கடைசி இடம்!

புள்ளிப் பட்டியலை வைத்துப் பார்த்தால் 1974-ஆம் ஆண்டுப் பாட்டு படுதோல்வி. அந்த நாட்டு மக்களைக் கேட்டால் வேறு கணக்குச் சொல்வார்கள்.

அடுத்த முறை பிள்ளை கோப்பையில்லாமல் வந்தால், எத்தனை புள்ளி என்று கேட்காதீர்கள். காரிலேயே இன்னொரு தடவை பாடச் சொல்லிக் கேளுங்கள்.