பெட்டியைக் கட்டி அனுப்புமுன்

நம் சங்கத்துக் குடும்பங்களில் ஒரு பழக்கம் உண்டு. பையன் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை, டியூஷனுக்கு என்று சொல்லிவிட்டு லேக் பக்கம் சிகரெட்டும் கையுமாக நிற்கிறான், ராத்திரி இரண்டு மணி வரை மொபைலைக் கீழே வைப்பதில்லை என்றால், வீட்டில் முதலில் எழும் யோசனை "ஊருக்கு அனுப்பிவிடலாம்" என்பதுதான். ஊர் என்றால் தாத்தா பாட்டி வீடு என்று அர்த்தமில்லை. அந்த வீடுகள் பலவும் பூட்டிக் கிடக்கின்றன. நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு பக்கம் ஓர் உறைவிடப் பள்ளி. விவகாரம் கொஞ்சம் முற்றிப் போயிருந்தால் "மறுவாழ்வு மையம்" என்று போர்டு மாட்டிய ஓர் இடம். "அங்கே ரொம்ப ஸ்ட்ரிக்ட் சார், மூன்று மாசத்துக்குப் போன் கூடக் கிடையாது, பையன் கம்பி மாதிரி நேராகிவிடுவான்" என்று யாராவது சிபாரிசு செய்வார்கள். போன் கிடையாது என்பதை நாம் அந்த இடத்தின் சிறப்பாக எடுத்துக் கொள்கிறோம். என் அபிப்பிராயத்தில் அதுதான் அபாய சிக்னல்.

விடுதி என்றாலே கெடுதி என்று நான் சொல்லவில்லை. விடுதியில் படித்து முன்னுக்கு வந்தவர்கள் நம்மிடையே ஏராளம். நான் சொல்வது வெளியார் கண் படாத இடங்களைப் பற்றி. அதிலும் "தறுதலை" என்று முத்திரை குத்தி அனுப்பப்படும் பிள்ளைக்கு அங்கே ஆபத்து அதிகம். மற்றப் பிள்ளை அடிபட்டேன் என்று சொன்னால் பெற்றோர் பதறுவார்கள். இவன் சொன்னால், "வீட்டுக்கு வரப் பொய் சொல்கிறான்" என்பார்கள். வார்டனும் அதையே முன்கூட்டிச் சொல்லி வைத்திருப்பார்.

செங்கல்பட்டு கூர்நோக்கு இல்லத்தில் நடந்ததைப் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். 2022 டிசம்பர் 29-ஆம் தேதி, பேட்டரி திருடியதாக 17 வயதுப் பையன் ஒருவனைத் தாம்பரத்தில் ரயில்வே பாதுகாப்புப் படையினர் பிடித்து, அந்த இல்லத்துக்கு அனுப்பினார்கள். 31-ஆம் தேதி அவன் உயிரோடு இல்லை. உடல்நலக் குறைவு என்றுதான் முதலில் சொல்லப்பட்டது. பிரேதப் பரிசோதனையில் காயங்கள் தெரிந்த பிறகு, இல்லத்தின் கண்காணிப்பாளர் உட்பட ஊழியர்கள் ஆறு பேர் கைதானார்கள். ரயில்வே சொத்து களவு போவதைப் பற்றி எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. பேட்டரிக்கு ஒரு விலை உண்டு, ஸ்டோர்ஸில் இண்டென்ட் போட்டால் வேறொன்று வரும். 2023-ல் தமிழக அரசு இந்த இல்லங்களைச் சீரமைக்க ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒரு நபர் குழுவை அமைத்தது, அவரும் அறிக்கை கொடுத்தார்.

இத்தனைக்கும் அது அரசாங்க இல்லம். நீதிபதிகளும் அதிகாரிகளும் வந்து போகும் இடம். சிறுவர்களைப் பெரியவர்களோடு ஜெயிலில் போடக் கூடாது என்று மெட்ராஸ் மாகாணத்தில் 1920-லும் இங்கே வங்காளத்தில் 1922-லும் சட்டம் வந்தது. நூறு வருஷம் சட்டத்தின் நிழலில் இருக்கிற ஏற்பாட்டுக்கே இந்தக் கதி என்றால், நெடுஞ்சாலையோரம் நாலு பக்கமும் மதில் எழுப்பி, தனியார் ஒருவர் நடத்தும் இடத்தைப் பற்றி என்ன சொல்வது?

மேற்பார்வை இருந்தால் போதும் என்றும் நினைக்க வேண்டாம். நமக்குப் பக்கத்து மாநிலமான பீகாரில், முஸாஃபர்பூர் சிறுமியர் காப்பகத்தை நினைத்துப் பாருங்கள். அதிகாரிகள் போய்க் கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் மும்பை டாடா சமூக அறிவியல் கழகத்தைச் சேர்ந்த குழு ஒன்று மாநிலம் முழுக்கக் காப்பகங்களைப் பார்வையிட்டு, பிள்ளைகளிடம் பேசி, 2018-ல் அறிக்கை கொடுத்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. 30-க்கும் மேற்பட்ட சிறுமிகள் பாலியல் கொடுமைக்கு ஆளாகியிருந்தார்கள். 2020 ஜனவரியில் டெல்லி நீதிமன்றம் 19 பேரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. அவர்களில் மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவின் தலைவராக இருந்தவரும் ஒருவர்! காவல் காக்க வேண்டியவரே அந்தப் பட்டியலில்.

ரயில்வேயில் ஜி.எம். இன்ஸ்பெக்ஷன் வருகிறது என்றால் என்ன நடக்கும் என்று எங்கள் இலாகாக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். ஒரு மாதம் முன்பே ஸ்டேஷனுக்குச் சுண்ணாம்பு அடித்து, ஜல்லியைச் சீராக ஒதுக்கி, பூந்தொட்டி வாங்கி வைத்து விடுவோம். அன்று எல்லாம் ஜோராக இருக்கும். அதனால்தான் விபத்தில் பயணிகள் உயிரிழந்தால் ரயில்வேயின் பேச்சை மட்டும் நம்பி விட்டுவிடுவதில்லை. ரயில்வே பாதுகாப்பு ஆணையர் வந்து விசாரிப்பார். அவர் ரயில்வே அமைச்சகத்தின் கீழ் வருபவர் அல்ல என்பது பலருக்குத் தெரியாது. விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் வருபவர். 1941-லேயே அப்போதைய இன்ஸ்பெக்டர்களை ரயில்வே போர்டின் பிடியிலிருந்து பிரித்து விட்டார்கள். வண்டி ஓட்டுகிறவனே வண்டி சரியாக ஓடியதா என்று சர்டிபிகேட் கொடுக்கக் கூடாது என்பதுதான் காரணம். தண்டவாளத்துக்கு 80 வருஷத்துக்கு மேலாக இருக்கும் இந்த ஏற்பாடு, பூட்டிய விடுதிக்குள் இருக்கும் பிள்ளைக்கு ஏன் இல்லை?

அமெரிக்காவில் எல்லாம் சரியாக இருக்கும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே "வழிதவறிய" பிள்ளைகளைத் திருத்துவதே ஒரு பெரிய வியாபாரம். அந்நாட்டு நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் 2007-ல் கொடுத்த அறிக்கையில், 1990 முதல் இப்படிப்பட்ட இடங்களைப் பற்றி ஆயிரக்கணக்கான புகார்கள் இருப்பதாகச் சொன்னது. 2020-ல் மிச்சிகன் மாநிலத்தில் ஒரு 16 வயதுப் பையன் சாப்பாட்டு அறையில் சாண்ட்விச்சைத் தூக்கி எறிந்தான் என்பதற்காக, ஊழியர்கள் பலர் சேர்ந்து அவனைத் தரையோடு அழுத்திப் பிடித்தார்கள். இரண்டு நாளில் ஆஸ்பத்திரியில் இறந்தான். 2024 டிசம்பரில்தான் இதற்கென்று ஒரு சட்டம் வந்தது. அதுவும் பெரும்பாலும் ஆராய்ந்து அறிக்கை கொடு என்று சொல்கிற சட்டம்தான்.

நம் நாட்டுச் சட்டம் ஒரு விஷயத்தில் தெளிவாகவே இருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ஏர்வாடியில் மனநோயாளிகள் காப்பகம் ஒன்று தீப்பிடித்து, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த நிலையில் 28 பேர் மாண்டார்கள். உறவினர்கள் நம்பிக்கையோடு கொண்டு வந்து விட்டவர்கள்தான் அத்தனை பேரும். இன்று அமலில் இருக்கும் 2017-ஆம் ஆண்டு மனநல மருத்துவச் சட்டம் யாரையும் சங்கிலியிடக் கூடாது என்கிறது. குடி, போதைப் பழக்கத்தால் வரும் மனக் கோளாறுகளும் இந்தச் சட்டத்துக்குள் அடங்கும். 18 வயதுக்கு உட்பட்டவரைச் சேர்ப்பதானால், மனநல மருத்துவர் ஒருவரும் இன்னொரு தகுதி பெற்றவரும் தனித்தனியாகப் பரிசோதித்திருக்க வேண்டும். பெரியவர்களோடு சேர்த்து வைக்கக் கூடாது. 72 மணி நேரத்துக்குள் மனநல வாரியத்துக்குத் தகவல் போக வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பெற்றோரோ அவர்கள் ஏற்பாடு செய்த ஒருவரோ, பிள்ளை அங்கே இருக்கும் நாள் முழுவதும் கூடவே தங்க வேண்டும். ஆகவே "மூன்று மாதம் நீங்கள் இந்தப் பக்கமே வரக் கூடாது" என்று ஒரு மறுவாழ்வு மையம் சொன்னால், அது கண்டிப்பு அல்ல, சட்டமீறல்.

சாதாரண விடுதிகளுக்கும் தமிழ்நாட்டில் 2014-ல் ஒரு சட்டம் வந்தது. பெண்கள், குழந்தைகள் தங்கும் விடுதிகளும் இல்லங்களும் மாவட்ட ஆட்சியரிடம் பதிவு பெற வேண்டும். 2022 ஜூலையில் கள்ளக்குறிச்சி அருகே கனியாமூரில் பிளஸ் டூ மாணவி ஒருத்தி இறந்தபோதுதான், அந்தப் பள்ளி விடுதி உரிய அனுமதியில்லாமல் நடந்தது என்ற விவரமே பேச்சுக்கு வந்தது. அந்த வழக்கின் மற்ற விஷயங்களுக்குள் நான் போகவில்லை. கேட்க வேண்டியதை யாரும் முன்பே கேட்கவில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

நம் பிள்ளைகளுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. இங்கே பிறந்து வளர்ந்தவன் தெருவில் பேசுவது பங்களா, பள்ளியில் இங்கிலீஷ். தமிழ் வீட்டில் அம்மாவிடம் பேசுகிற அளவுக்குத்தான். எழுதப் படிக்கத் தடுமாறுவான். அவனைக் கொண்டு போய் அங்கே விட்டால், முதல் நாளே கேலி ஆரம்பித்து விடும். அடி விழுந்தாலும், யாரிடம், எந்தப் பாஷையில் போய் முறையிடுவான்? சென்னையில் இருப்பவர் ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். நாம் ஷாலிமாரிலோ ஹவுராவிலோ வண்டி ஏறினால் சென்னைக்கே 1,600 கிலோ மீட்டருக்கு மேல். டிக்கெட் கன்ஃபர்ம் ஆவது அடுத்த தலைவலி. இந்தத் தூரம் அந்த விடுதிக்காரருக்கும் தெரியும்.

மானம் போய்விடும் என்கிற பயம்தான் பலரை இந்த முடிவுக்குத் தள்ளுகிறது. லேக் மார்க்கெட்டில் நாலு பேர் கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்து, "பையன் ஊரில் படிக்கிறான்" என்று கௌரவமாகச் சொல்லிக் கொள்ள வழி தேடுகிறோம். பவானிப்பூரில் பி.ஜி. ஆஸ்பத்திரியோடு சேர்ந்த மனநல நிலையம் பாலிகஞ்சிலிருந்து சில கிலோ மீட்டர்தான். அங்கே அழைத்துப் போகக் கூச்சம், ராசிபுரத்துக்கு அனுப்பக் கூச்சமில்லை. மத்திய அரசு 2022-ல் ஆரம்பித்த டெலி-மானஸ் எண் 14416. வீட்டிலிருந்தே பேசலாம், தமிழிலும் பேசலாம். பிள்ளை அடிபடுகிறான் என்று தெரிந்தால் 1098.

இத்தனைக்குப் பிறகும் விடுதிதான் என்று முடிவு செய்பவர்கள் இருப்பார்கள். வீட்டு நிலைமை அப்படி இருக்கலாம், நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. ஆனால் அட்மிஷன் பாரத்தில் கையெழுத்துப் போடுமுன் பதிவு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். ஆட்சியர் அலுவலகத்தில் அதைச் சரிபார்க்க, ஊரில் இருக்கிற மச்சானையோ சித்தப்பாவையோ ஒரு நடை அனுப்புங்கள். வாரம் ஒரு முறை, பக்கத்தில் வார்டன் இல்லாமல் பையன் போனில் பேச வேண்டும் என்று எழுத்து மூலம் கேளுங்கள். ஊர் உறவினர் ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் போய்ப் பார்க்கலாமா என்றும் கேளுங்கள். தயங்கினால், கட்டிய முன்பணம் போனால் போகிறது என்று பையனையும் பெட்டியையும் அழைத்துக் கொண்டு அடுத்த வண்டியில் திரும்பி விடுங்கள்.