லவுஞ்சில் உட்காரவா ஊருக்கு வந்தோம்?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது லவுஞ்சு பிரியர்களுக்கு ரசிக்காது. கிரெடிட் கார்டைத் தேய்த்து ஓசி உப்புமா சாப்பிடுவதைப் பிறவிப் பயனாக நினைப்பவர்கள் இப்போதே எஸ்கேப் ஆகிவிடலாம்.

போன டிசம்பரில் துபாய் - சென்னை நேரடி டிக்கெட் யானை விலை, குதிரை விலை. வேறு வழியில்லாமல் துபாய் - புனே ஒரு டிக்கெட், புனே - சென்னை இன்னொரு டிக்கெட் என்று தனித்தனியாகப் போட்டேன். நடுவில் ஏழு மணி நேரம். காலை எட்டரைக்கு இறங்கி, மதியம் மூன்றரைக்கு ஏற வேண்டும்.

நண்பர்களிடம் கேட்டால் எல்லோரும் ஒரே பாட்டு. "புனேவா? சின்ன ஊர்ப்பா. அங்க என்ன இருக்கு? பேசாம உள்ளயே உட்காரு. இல்லாட்டி பக்கத்துல விமான் நகர்ல மால் இருக்கு, போ."

என்ன கொடுமை சார் இது! 2011 கணக்கெடுப்பிலேயே மாநகராட்சி எல்லைக்குள் 31 லட்சம் பேர் இருந்த ஊர், சின்ன ஊராம். லோஹேகாவ் விமானப்படைத் தளத்தில் ஒட்டிக்கொண்டிருப்பதால் ஏர்போர்ட் சின்னதாகத் தெரியலாம். ஊர் சின்னதில்லை, நம் பார்வைதான் சின்னது. அப்புறம், துபாயில் குடியிருப்பவன் புனேயில் இறங்கி மாலுக்குப் போவது, திருநெல்வேலிக்காரன் மதுரையில் இறங்கி அல்வா தேடுகிற கதை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தனித்தனி டிக்கெட் என்பதால் இமிக்ரேஷன், கஸ்டம்ஸ் முடித்துப் பெட்டிகளோடு எப்படியும் வெளியே வந்தாக வேண்டும். வந்ததும் ஒரு டாக்சியை நாலு மணி நேரத்துக்குப் பேசி, பெட்டிகளை டிக்கியில் போட்டேன். "என்னங்க, பிளைட்டை விட்டுட்டா?" என்று தங்கமணி முறைத்தார். "ஒரே ஒரு இடம்தான்" என்று சத்தியம் செய்த பிறகே வண்டியில் ஏறினார்.

அந்த ஒரே இடம் ஆகா கான் மாளிகை. ஏர்போர்ட்டிலிருந்து சில கிலோமீட்டர்தான். 1942 ஆகஸ்ட் 9-ம் தேதி, 'வெள்ளையனே வெளியேறு' தீர்மானம் போட்ட மறுநாள், காந்தியைக் கைது செய்து இங்கேதான் கொண்டுவந்தார்கள். கஸ்தூரிபா, மகாதேவ் தேசாய், சரோஜினி நாயுடு எல்லோருக்கும் இதுதான் சிறை. வந்த ஒரே வாரத்துக்குள், ஆகஸ்ட் 15 அன்று மகாதேவ் தேசாய் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். 1944 பிப்ரவரி 22-ல் கஸ்தூரிபாவும் போய்விட்டார். இருவர் சமாதியும் அதே வளாகத்தில்தான் இருக்கின்றன. கூட்டம் இல்லை, சத்தம் இல்லை.

"இவ்ளோ பெரிய வீட்டைப் போய் ஜெயில்னு சொல்றீங்க?" என்றாள் பதினோரு வயது மகள். துபாயில் பிறந்தவள். வருஷத்துக்கு ஒருமுறை ஊருக்கு வந்தால் பெரியப்பா வீடு, அத்தை வீடு, துணிக்கடை, திரும்ப ஏர்போர்ட். இந்தியா என்றால் அவளுக்கு அவ்வளவுதான். அது அவள் தப்பில்லை, என் தப்பு.

கஸ்தூரிபா சமாதி எதிரே உட்கார்ந்து தில்லையாடி வள்ளியம்மை கதையைச் சொன்னேன். எழும்பூர் கோ-ஆப்டெக்ஸ் மாளிகைக்குச் சேலை எடுக்கப் போகிறோமே, அதற்கு அவர் பெயர்தான். பெயர்ப்பலகையை எத்தனை தடவை பார்த்திருப்போம்? ஒரு தடவையாவது யார் என்று கேட்டோமா?

1913 மார்ச்சில் தென்னாப்பிரிக்காவில் ஒரு தீர்ப்பு வந்தது. கிறிஸ்தவ முறைப்படி நடக்காத, பதிவாகாத கல்யாணங்கள் செல்லாது என்று. பிழைக்கப் போன நம் ஆட்களின் மனைவிமார் ஒரே நாளில் சட்டப்படி மனைவி இல்லை என்றாகிவிட்டார்கள். ஒப்பந்தக் கூலி முடித்தவர்கள் தலையில் வருஷத்துக்கு 3 பவுண்டு வரி வேறு. பெண்கள் போராட்டத்தில் இறங்கினார்கள். கஸ்தூரிபா சிறைக்குப் போனார். ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண் வள்ளியம்மையும் போனார். சிறையிலேயே காய்ச்சல் வந்து, விடுதலையான சில நாட்களில் இறந்தார். வயது 16. தேதி 1914 பிப்ரவரி 22. சரியாக முப்பது வருஷம் கழித்து, அதே தேதியில் கஸ்தூரிபா.

அந்த 1914-லேயே புதுச் சட்டம் வந்து வரி ஒழிந்தது, கல்யாணங்களும் செல்லுபடியாயின.

குடும்ப விசாவுக்காகக் கல்யாண சர்டிபிகேட்டைத் தூக்கிக்கொண்டு முத்திரை முத்திரையாக அலைந்தவர்களுக்கு இந்தக் கதை புரியாமல் போகுமா? தங்கமணி ஒன்றும் பேசவில்லை. மகள்தான் கேட்டாள், "அப்பா, அவங்களும் என்னை மாதிரி வெளிநாட்டுல பொறந்தவங்களா?" எந்த லவுஞ்சில் இந்தக் கேள்வி கிடைக்கும்?

"எல்லாருக்கும் சரிப்படுமா?" என்பீர்கள். படாது. இடைவெளி ஐந்து மணி நேரத்துக்குக் குறைவா, ராத்திரியா, கூட வயசானவர்களோ கைக்குழந்தையோ இருக்கிறார்களா, பேசாமல் உள்ளேயே இருங்கள். அதற்கு மேல் இருந்தால் கணக்குப் போடுங்கள். இறங்கி வெளியே வர ஒன்றரை மணி, திரும்பிப் போய் செக்-இன், பாதுகாப்புச் சோதனைக்கு இரண்டு மணி. இதைக் கழித்து மிச்சம் இருப்பதுதான் உங்கள் நேரம். வாசலில் காவலருக்குக் காட்ட அடுத்த டிக்கெட்டும் அடையாள அட்டையும் கையில் இருக்கட்டும். ஆசைப்பட்டு சனிவார்வாடா, வைஷாலி தோசை என்று பட்டியல் போடாதீர்கள். அது ஊருக்குள்ளே, டிராபிக்கில் மாட்டினால் தங்கமணி சொன்னது பலித்துவிடும்.

நாங்கள் வடாபாவ் சாப்பிட்டு, ஒரு டப்பா பாகர்வடி வாங்கிக்கொண்டு ஒரு மணிக்கெல்லாம் ஏர்போர்ட்டில் இருந்தோம்.

பிள்ளைகளுக்குத் தமிழ் வரலையே, ஊர்ப் பாசம் இல்லையே என்று வாராவாரம் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டே புலம்புகிறோம். ஊரைக் காட்டக் கிடைத்த ஏழு மணி நேரத்தைப் பிளக் பாயின்ட் பக்கத்தில் உட்கார்ந்து தொலைத்துவிட்டு, யாரைக் குறை சொல்வது?

பி.கு.: இந்த முறை சென்னையில் சேலை எடுக்கப் போனபோது, மகள் வாசலிலேயே நின்று பெயர்ப்பலகையை எழுத்துக் கூட்டி வாசித்தாள். தமிழில்.