நெல்லுக்கு நாற்பதாயிரம், அறுக்கிற கைக்கு?

2023 சூலை 26. சேத்தியாத்தோப்பு பக்கம் வளையமாதேவியில் பச்சையாய் நின்ற நெற்பயிருக்குள் என்.எல்.சி. பொக்லைனை இறக்கியது. பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்டுறாங்களாம். பயிர் மண்ணோடு மண்ணாய்ப் புரண்டதை நாடே டி.வி.யில் பார்த்தது. ரெண்டு நாள் கழித்து நெய்வேலியில் மறியல், கல்வீச்சு, தடியடி. உயர்நீதிமன்ற நீதிபதி வேதனைப்பட்டார். கடைசியில் பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் கொடுக்கச் சொன்னது கோர்ட்.

சரி, நெல்லுக்கு விலை போட்டாச்சு. அந்த நெல்லில் களை எடுக்க, அறுக்க, கட்டுத் தூக்க இருந்த சேரிப் பெண்களின் கூலிக்கு எவன் விலை போட்டான்? ஒரு கட்சி கேட்டுச்சா? ஒரு பத்திரிகை எழுதிச்சா? ‘விவசாயி’ன்னு இவங்க சொல்லும்போதெல்லாம் பட்டா வச்சிருக்கிறவனை மட்டும்தான் சொல்றாங்க. சேற்றில் இறங்குறவ அந்தச் சொல்லுக்குள்ள வர்றதே இல்லை.

இது இன்னைக்கு வந்த வியாதி இல்லை. நெய்வேலி என்றால் ஜம்புலிங்க முதலியார். 1930களில் அவர் நிலத்தில் கிணறு தோண்டும்போது கறுப்பாய் என்னவோ வந்தது, அதுதான் பழுப்பு நிலக்கரி, நிலத்தைக் கொடுத்த வள்ளல் அவர் என்று சரித்திரம் சொல்கிறது. மண்வெட்டி பிடித்தவன் யார்? சரித்திரத்துக்குத் தெரியாது. 1956இல் கம்பெனி வந்தது. கிராமம் கிராமமாய் நிலம் போனது. பட்டா இருந்தவனுக்குப் பணம், அவனுக்கே வேலை கேட்டுப் போராட்டம். புறம்போக்கில் குடிசை போட்டிருந்தவனுக்கு இன்னொரு புறம்போக்கு.

இப்போ புதுசா ஒரு பேர் சொல்றாங்க: ‘முக்கியக் கனிமங்கள்’. லித்தியம், டங்ஸ்டன், அரிய மண் தனிமங்கள். பேட்டரி காருக்கும் செல்போனுக்கும் ஏவுகணைக்கும் வேணுமாம். 2023இல் சட்டத்தைத் திருத்தி 24 கனிமங்களை ஏலம் விடும் அதிகாரத்தை டெல்லி தன் கைக்கு எடுத்துக்கொண்டது. 2026 பிப்ரவரி பட்ஜெட்டில் ஒடிசா, ஆந்திரா, கேரளாவோடு தமிழ்நாட்டுக்கும் அரிய மண் வழித்தடம் அறிவித்தார்கள். கன்னியாகுமரி கிள்ளியூர் வட்டத்தில் 1,144 ஹெக்டேர் கடலோர மணலைத் தோண்டக் காத்திருக்கிறார்கள். அந்த மணலில் இருக்கிற மோனசைட்டில் தோரியம் உண்டு. அதைப் பிரிக்க அமிலமும் காரமும் வேண்டும். ‘தோண்டுறது அங்கே, ஃபேக்டரிதானே இங்கே’ என்று யாராவது சொன்னால் கடலூர் சிப்காட் பக்கம் ஈச்சங்காட்டுக்கும் குடிகாட்டுக்கும் கூட்டிப் போங்க. ஒரு ராத்திரி அங்கே தூங்கிப் பார்க்கட்டும்.

மதுரை அரிட்டாபட்டி பக்கம் நடந்ததை எல்லாரும் வெற்றி என்கிறார்கள். வெற்றிதான். 2024 நவம்பரில் இந்துஸ்தான் சிங்க் கம்பெனிக்கு 2,015 ஹெக்டேர் டங்ஸ்டன் ஏலம். டிசம்பர் 9இல் சட்டமன்றத் தீர்மானம். சனங்க மதுரை வரைக்கும் பேரணி போனாங்க. 2025 சனவரி 23இல் ஏலம் ரத்து. எட்டு மாசம்கூட ஆகலை, செப்டம்பர் 8இல் சுற்றுச்சூழல் அமைச்சகத்திலிருந்து ஒரு குறிப்பாணை வருகிறது: அணுக் கனிமம், முக்கியக் கனிமம் தோண்டும் திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் தேவையில்லை. தேசப் பாதுகாப்பாம்.

தோழர்களே, இதைத்தான் நாம் பிடித்துக்கொள்ள வேண்டும். கருத்துக்கேட்பு யோக்கியமாய் நடந்ததுன்னு நான் சொல்லலை. கலெக்டர் மேசை, போலீஸ் வரிசை, கம்பெனி கூட்டி வந்த ஆள், எல்லாம் தெரியும். ஆனா அந்த மைக்குக்கு முன்னால நிக்கப் பட்டா கேக்கலை. ஒரு சென்ட் இல்லாத கூலிக்காரி எழுந்து, ‘எனக்கு என்ன வழி?’ன்னு கேட்டால் அதை எழுதிக்கொண்டே ஆகவேண்டும். அதையும் பிடுங்கியாச்சு. நந்தனை நெருப்பு வழியாகத்தான் உள்ளே விட்ட சிதம்பரம் சீமைக்காரர்கள் நாம். கதவு எப்படிச் சாத்தப்படும் என்று நமக்கா தெரியாது?

டெல்லியை மட்டும் திட்டிவிட்டு இங்கே இருக்கிறவர்களை விட்டுவிட முடியாது. 2013 நில எடுப்புச் சட்டத்தில் ஒரு நல்ல காரியம் இருந்தது. நிலம் எடுக்குமுன் மூணு வருஷம் அதில் பாடுபட்டுப் பிழைத்த விவசாயக் கூலியையும் ‘பாதிக்கப்பட்ட குடும்பம்’ என்று அது சொன்னது. யார் யார் என்று கணக்கெடுக்கச் சமூகத் தாக்க மதிப்பீடும் வைத்தது. தமிழ்நாடு என்ன செய்தது? தொழிற்சாலைகளுக்கு நிலம் எடுக்கும் தன்னுடைய 1997 சட்டத்தை அந்த மதிப்பீட்டிலிருந்து விலக்கிக்கொண்டது. 2019இல் சென்னை உயர்நீதிமன்றம் அது செல்லாது என்றது. உடனே சட்டமன்றத்தில் புதுச் சட்டம் போட்டு உயிர் கொடுத்தார்கள். 2021இல் உச்சநீதிமன்றமும் சரி என்றது. 97இல் கொண்டுவந்தது தி.மு.க. ஆட்சி, 2019இல் காப்பாற்றியது அ.தி.மு.க. ஆட்சி. மற்ற எதில் அடித்துக்கொண்டாலும் இதில் ரெண்டு பேரும் பங்காளிகள்தான்.

ஆகவே எந்தக் கனிமத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு யார் வந்தாலும் நாம் கேட்க வேண்டியது இது. எடுக்கப்போகும் நிலத்தில் 1892 ஆணைப்படி கொடுத்த பஞ்சமி எவ்வளவு, அது இப்போ யார் கையில் இருக்கு என்று முதலில் வெளியிடு. அந்த வயல்களில் கூலி வேலை செய்கிற ஒவ்வொருவர் பெயரையும் எழுது. அரசாங்கம் எழுதாது. காட்டுமன்னார்கோயில், புவனகிரி, சேத்தியாத்தோப்பு சேரிகளில் நாமே நோட்டுப் போட்டு எழுதுவோம்: பெயர், எந்த வயல், எத்தனை வருஷம், என்ன கூலி. அடுத்த கிராமசபையில் அந்த நோட்டை மேசையில் வைத்து, தீர்மானத்தில் ஏற்றச் சொல்லுவோம்.