இளவேனிலில் நகர் காண்டல்

மாசியும் பங்குனியும் பின்பனிக்காலம் என்றும், சித்திரையும் வைகாசியும் இளவேனிற்காலம் என்றும் நம் முன்னோர் பருவங்களை வகுத்தனர். ஆயினும், தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை ஆகிய இரண்டானும் நீர்வளம் பெறும் நாஞ்சில் நாட்டில், பங்குனியிலேயே இளவேனிலின் தோற்றத்தைக் காணலாம். கும்பப்பூ அறுவடை முடிந்து, களத்துமேடுகளில் வைக்கோற் போர்கள் உயர்ந்து நிற்கும். மாமரங்கள் பிஞ்சு தாங்கும். வேம்பும் புங்கும் பழைய இலைகளை உதிர்த்துப் புதுத்தளிர் ஈனும். ஆனி, ஆடித் திங்களில் ஆரல்வாய்மொழிக் கணவாயின் வழியே சீறிவரும் காற்று, இப்பொழுது அடங்கி மெல்லென வீசும். பனையினின்று இறக்கும் பதநீரை இந்நாட்டார் ‘அக்கானி’ என்பர். அது விலைக்கு வரும் காலமும் இதுவே.

இத்தகைய பருவத்தில் ஒரு நகரைக் காணச் செல்லுதல் இன்பம் தருவதாகும். ஆனால் அவ்வின்பம் நகரிடத்து மட்டும் இல்லை. காண்பவர் காணும் முறையிலும் உள்ளது. அம்முறையை இக்காலத்தார் பலர் மறந்து வருகின்றனர். மறந்ததனால் அவர்கள் இழப்பது யாது என்பதை மாணவர் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

கன்னியாகுமரிக்கு வடகிழக்கே ஏறத்தாழ 6 கிலோமீட்டர் தொலைவில், கடலோரத்தில் அமைந்துள்ளது வட்டக்கோட்டை. கருங்கற்களாற் கட்டப்பெற்ற அதன் மதில் ஏறத்தாழ 25 அடி உயரமுடையது. மதிலின் ஒரு புறத்தைக் கடல் அலைகள் தழுவுகின்றன. மறுபுறம் நோக்கின் மேற்குத் தொடர்ச்சி மலை நீலநிறத்துடன் தோன்றுகின்றது. கோட்டைக்கு அருகே கடற்கரை மணல் கருநிறமாக இருக்கும். இல்மனைட்டு, மோனசைட்டு முதலிய கனிமங்கள் அம்மணலிற் கலந்திருத்தலே அந்நிறத்திற்குக் காரணம். கோட்டையின் சுவரில் பாண்டியரின் மீன் இலச்சினையும் காணப்படுகின்றது.

இக்கோட்டை இன்றுள்ள வடிவம் பெற்றது 18ஆம் நூற்றாண்டில், திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மர் காலத்தில் ஆகும். 1741ஆம் ஆண்டு குளச்சலில் நிகழ்ந்த போரில் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படை மன்னரிடம் தோற்றது. அப்படையில் தலைமை தாங்கி வந்து சிறைப்பட்ட டிலனாய் என்பவர், பின்னர் மன்னரின் நம்பிக்கையைப் பெற்று, அவருடைய படைக்கே தலைவரானார். அவருடைய மேற்பார்வையிலேயே வட்டக்கோட்டை கட்டப்பெற்றது. பகைவராய் வந்தவர் நாட்டின் காவற்கோட்டையைக் கட்டியெழுப்பினார் என்பது வியப்பன்றோ?

இனி, இக்கோட்டையைக் காண வருவோருள் பலர் எவ்வாறு காண்கின்றனர் என்பதை நோக்குவோம். விடியலில் குமரிமுனையில் ஞாயிறு தோன்றுவதைப் பார்க்கின்றனர். உடனே படகேறிச் சென்று, 1970இல் எழுந்த விவேகானந்தர் நினைவாலயத்தையும், 2000ஆம் ஆண்டின் முதல் நாளில் திறக்கப்பெற்ற 133 அடி உயரத் திருவள்ளுவர் சிலையையும் பார்க்கின்றனர். பின்னர்ச் சுசீந்திரம், அதன்பின் பத்மநாபபுரம் அரண்மனை, அப்பால் திற்பரப்பு அருவி. ஞாயிறு சாயும் வேளையில் வட்டக்கோட்டைக்கு ஓடி வருகின்றனர். மதில்மேல் ஏறிக் கைப்பேசியிற் படம் எடுக்கின்றனர். கால்மணி நேரத்தில் இறங்கிச் சென்றுவிடுகின்றனர். மணல் ஏன் கறுத்தது என்று அவர்கள் வினவுவதில்லை. மீன் இலச்சினையை அவர்கள் கண் காண்பதில்லை. ஊர் திரும்பியபின், ஏழிடம் கண்டோம் என்று எண்ணிக்கை கூறுவர். ஓரிடத்தைப் பற்றியேனும் நான்கு சொற்கள் கூறுமாறு கேட்டால் விழிப்பர்.

இதற்கு மாறாக ஒரு கருத்தும் உண்டு. “தொலைநாட்டிலிருந்து வருவோர் மீண்டும் ஒருமுறை வருவது அரிது. பொருளும் ஓய்வும் எல்லார்க்கும் மிகுதியாக வாய்ப்பதில்லை. ஆண்டிற்கு ஒருமுறை விடுமுறை பெறும் தொழிலாளி, தன் மனைவி மக்களுக்கு இயன்ற அளவு பல இடங்களைக் காட்ட விரும்புதல் தவறாகுமோ?” என்பர் சிலர். இவ்வினாவில் நியாயம் இல்லாமலில்லை. அத்தகைய தொழிலாளியைக் குறைகூறுதல் தகாது. ஆயினும், இடங்களின் எண்ணிக்கை மிகுந்தால் இன்பமும் மிகும் என்னும் எண்ணமே பிழையுடையது. ஏழு இடங்களை ஓடிப் பார்த்துக் களைத்துத் திரும்பும் குழந்தையைக் காட்டிலும், இரண்டு இடங்களை இருந்து பார்த்த குழந்தை மிகுதியாகவே பெற்றுத் திரும்புகின்றது. மற்ற ஐந்தையும் காணாமை ஓர் இழப்பே. அவ்விழப்பை ஏற்றுக்கொள்ளாமல் எதனையும் முழுமையாகக் காண்டல் இயலாது.

அன்றியும், அருகில் வாழ்வோர்க்கு இக்காரணம் பொருந்தாது. வட்டக்கோட்டையை அடுத்து வாழும் மாணவன் ஒருவனுக்கு நாகர்கோவில் மாநகர் ஒருநாட் பயணத்தில் எளிதிற் சென்று மீளத்தக்க அண்மையில் உள்ளது. பங்குனி, சித்திரைத் திங்கள்கள் தேர்வுக் காலமாதலின், அவன் தொலைவிடங்களுக்குச் செல்லுதல் இயலாது. கோடை விடுமுறை வந்தபின்னரோ வெயிலும் கூட்டமும் மிகும். ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமையை நாகர்கோவிலுக்கென ஒதுக்குதல் அவனால் இயலும். அந்நகருக்கு அவன் மருந்து வாங்கவும், துணி எடுக்கவும் பலமுறை சென்றிருப்பான். சென்றிருப்பினும் அதனைக் கண்டிருப்பான் என்று கூற முடியாது.

அவன் வைகறையிற் புறப்பட்டு, வெயில் ஏறுமுன் நகரை அடைதல் நன்று. நகருக்குப் பெயர் தந்த நாகராசர் கோவிலே அவன் முதலிற் காணத்தக்கது. பெரிய கோபுரங்களைக் கண்டு பழகியவன், இங்குக் கருவறையின்மேல் ஓலைக்கூரை வேய்ந்திருத்தலைக் கண்டு நிற்பான். தூண்களை உற்று நோக்கினால், சமண சமயத்தாராகிய மகாவீரர், பார்சுவநாதர் ஆகியோரின் உருவங்களையும் அங்கே காண்பான். ஒரு கோவிலில் இரு சமயங்களின் சுவடுகள் எவ்வாறு அமைந்தன என்னும் வினா அவனுள்ளத்தில் எழும். நின்று பார்த்தவனுக்கே அவ்வினா எழும். ஓடிச் செல்பவனுக்கு எழாது.

அங்கிருந்து வடசேரிக்கு நடந்து செல்லலாம். வடசேரியிற் செய்யப்படும் கோவில் நகைகள் புவிசார் குறியீடு பெற்றவை. முற்காலத்தில் தெய்வத் திருமேனிகளுக்கென அமைந்த அந்நகைகள், இன்று பரதநாட்டியம் ஆடும் மகளிரை அணிசெய்கின்றன. செந்நிறக் கற்களை ஒவ்வொன்றாகப் பதிக்கும் தொழிலாளியின் கைத்திறத்தை அருகிருந்து காண்டல் நல்லதொரு பாடமாகும். அவர்தம் வேலைக்கு இடையூறு நேராவண்ணம் பணிவுடன், “இது எத்துணை நாள் வேலை, ஐயா?” என்று வினவினால், நூல்களில் இல்லாத செய்திகள் பல அவர் வாயிலாக வெளிவரும்.

நகரின் நடுவே மணிமேடை உள்ளது. திருவிதாங்கூர் மன்னர் ஸ்ரீமூலந்திருநாள் காலத்தில், 1893இல் எழுந்தது அது. அன்று இந்நகர் திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்தது. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளில் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டுடன் இணைந்தது. 2019இல் நாகர்கோவில் மாநகராட்சியாக உயர்ந்தது. ஆட்சிகள் மாறிய இம்மூன்று நிலைகளையும் அம்மணிமேடை கண்டிருக்கின்றது என்பதை எண்ணி நோக்கும்பொழுது, நாள்தோறும் கடந்து சென்ற பழைய கட்டடமே புதிதாகத் தோன்றும்.

மாலையிற் கோட்டாற்றின் கடைவீதிக்குச் செல்லுதல் வேண்டும். கோட்டாறு நாகர்கோவிலினும் பழமையான ஊர். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த தாலமி என்னும் யவன நிலநூலார் குறிப்பிட்ட ஊர்களுள் இதுவும் ஒன்று என்று ஆராய்ச்சியாளர் கருதுவர். அங்குள்ள தூய சவேரியார் பேராலயத்தில் தேவசகாயம் என்பவரின் கல்லறை உள்ளது. அரசப் பணியில் இருந்த அவர், டிலனாயின் நட்பினாற் கிறித்தவ சமயத்தைத் தழுவி, 1752இல் ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடிமலையில் உயிர் நீத்தார். 2022ஆம் ஆண்டு கத்தோலிக்கத் திருச்சபை அவரைப் புனிதர் என அறிவித்தது. வட்டக்கோட்டையை எழுப்பிய டிலனாயின் பெயர், கோட்டாற்றின் கல்லறை ஒன்றோடும் தொடர்புடையதாதலை அறியும் மாணவனுக்குத் தன் ஊரும் நகரும் ஒரே வரலாற்றின் இரு பக்கங்கள் என்பது விளங்கும்.

இவ்வளவும் ஒருநாட் காட்சிக்குப் போதும். சுசீந்திரத்தை மற்றொரு ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளலாம். அங்குத் தாணுமாலயன் கோவில் மட்டுமன்றி நீர்நிலைகளும் காணத்தக்கவை. சுசீந்திரம், தேரூர் நீர்நிலைகள் 2022இல் உலகச் சிறப்புடைய ஈரநிலங்களுள் ஒன்றாக ராம்சர் பட்டியலிற் சேர்க்கப்பெற்றன. பனிக்காலத்தில் வடபுலத்தினின்று வந்து தங்கிய பறவைகள், தம் நாட்டிற்கு மீளும் காலம் இளவேனில். அவற்றை வழியனுப்பும் கண்களோடு அக்கரையில் ஒரு நாழிகை அமர்ந்திருத்தல் தனியின்பம்.

நடந்து காண்டல் நம்மவர்க்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்தில் ‘ஊர்காண் காதை’ என்றே ஒரு பகுதி உண்டு. கண்ணகியைக் கவுந்தியடிகளின் காவலில் இருத்திவிட்டுக் கோவலன் மதுரை மாநகரைக் காணச் செல்கின்றான். செல்வம் முழுவதும் இழந்து, வாழ வழிதேடி வந்தவன் அவன். உள்ளத்திலே துயர் நிறைந்திருந்தும், மணிகள் விற்கும் வீதி, பொற்கடை வீதி, அறுவை வீதி, கூலவீதி எனத் தெருத்தெருவாக நடந்து காண்கின்றான். துயருற்றவனும் ஒரு நகரை இத்துணைப் பொறுமையுடன் காணக்கூடுமாயின், மகிழ்ச்சி நாடிச் செல்வோர் விரைந்தோடுதல் ஏன்?

பிறநாட்டாரிடத்தும் இதற்குச் சான்று உண்டு. சப்பான் நாட்டில் கியோட்டோ என்னும் நகரில், இளவேனிலின் தொடக்கத்திற் செர்ரி மரங்கள் பூக்கும். அந்நாட்டு மக்கள் குடும்பத்துடன் மரத்தடியில் அமர்ந்து, பூக்களைக் கண்டு மகிழ்வர். அங்குப் பூக்கள் நிறைந்து மலர்ந்த நாள்களைப் பற்றிய குறிப்புகள் 1,200 ஆண்டுகளாகக் கிடைக்கின்றன. அவற்றை ஆராய்ந்த அறிஞர், 2021ஆம் ஆண்டு மார்ச்சு 26ஆம் நாளிற் பூத்ததே அதுவரை அறியப்பட்டவற்றுள் மிக முற்பட்ட மலர்ச்சி என்று கண்டனர். உலகம் வெப்பமடைந்து வருவதற்கு அதனையும் ஒரு சான்றாகக் காட்டினர். பூவைக் கண்டு மகிழ்ந்தோர் அறிவியலுக்கு உதவவேண்டும் என்று கருதியவரல்லர். ஆயினும், ஒன்றை ஆண்டுதோறும் நின்று நோக்கிக் குறித்து வைத்தமையால், அவர்தம் மகிழ்ச்சி பிற்காலத்தார்க்கு அறிவாகப் பயன்பட்டது.

நாஞ்சில் நாட்டிலும் அத்தகைய கண்ணுடையார் வாழ்ந்தனர். 1876இல் தேரூரிற் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையவர்கள், குழந்தைகளுக்கு இனிய பாடல்கள் பாடியதோடு அமையாது, தம் நாட்டுக் கல்வெட்டுகளையும் ஆராய்ந்தார்கள். பலர் கண்டும் காணாது கடந்த கற்கள் அவர்களுக்கு வரலாறு கூறின. அருகிலுள்ளதனை அலட்சியம் செய்யாமையே அவர்களுடைய ஆராய்ச்சிக்கு அடிப்படையாயிற்று.

காண்பவர்க்குக் கடமையும் உண்டு. பழஞ்சுவர்களில் தம் பெயரைக் கீறி வைப்பதைச் சிலர் விளையாட்டாகக் கருதுகின்றனர். வட்டக்கோட்டை இந்தியத் தொல்லியல் ஆய்வுத்துறையின் பாதுகாப்பில் உள்ளது. பாதுகாக்கப்பட்ட சின்னங்களுக்குச் சேதம் விளைவிப்போரைச் சிறைத்தண்டனைக்கோ ஒரு லட்சம் ரூபாய் வரையுள்ள தண்டத்திற்கோ சட்டம் உள்ளாக்கும். ஆனால் சட்டத்திற்கு அஞ்சி மட்டும் கைகளை அடக்குதல் போதாது. அம்மதிலின் கற்களைச் சுமந்து அடுக்கிய தொழிலாளருள் ஒருவரேனும் தம் பெயரை நாம் அறியுமாறு விட்டுச் செல்லவில்லை. உழைத்தவர் பெயரே இல்லாத சுவரில், ஒருநாள் வந்து நின்றவர் தம் பெயரை எழுதுதல் நாணத்தக்கது.

டிலனாய் 1777இல் காலமானார். உதயகிரிக் கோட்டையில் உள்ள அவருடைய கல்லறையில் இலத்தீன் மொழியிலும் தமிழ் மொழியிலும் எழுத்துகள் பொறிக்கப்பட்டுள்ளன. கடல் கடந்து வந்த அவர் இந்நாட்டில் 36 ஆண்டுகள் வாழ்ந்து, இதன் மலையையும் கடலையும் மக்களையும் அறிந்தார்; இந்நாட்டு மொழியும் அவர் கல்லறையில் இடம்பெற்றது. இந்நாட்டிலேயே பிறந்தவர் இதனை அறியாது வளர்தல் பொருந்துமோ?

சித்திரை முழுமதி நாளில் குமரிமுனையில் நிற்போர், ஒருபுறம் ஞாயிறு மறைய மறுபுறம் திங்கள் எழுவதனைக் கடல்மீதே காண்பர். அந்நாளில் இரு காட்சியையும் காணுதற்கு ஓடவேண்டுவதில்லை. ஓரிடத்தில் அமைதியாக நின்றாலே போதும். நகர் காண்டலும் அத்தன்மையதே. மாணவர் இவ்விளவேனிலில் தமக்கு அண்மையிலுள்ள நகர் ஒன்றனைத் தேர்ந்து, அதன் வரலாற்றை முன்னரே சிறிது கற்று, நடந்து சென்று, நின்று கண்டு, வினவி அறிந்து மீள்வாராக.