சிரத்தை எழுப்பிய வினா

நம்பிக்கை உள்ளவன் கேள்வி கேட்கமாட்டான். கேள்வி கேட்பவனிடம் நம்பிக்கை இராது. இவ்வாறு ஓர் எண்ணம் ஆத்திகர், நாத்திகர் ஆகிய இரு தரப்பாரிடமும் வேரூன்றியிருக்கிறது. கிருஷ்ண யஜுர் வேதத்தைச் சேர்ந்த கடோபநிஷத்து, தன் தொடக்கத்திலேயே இந்த எண்ணத்தைக் களைந்துவிடுகிறது.

வாஜசிரவஸர் என்பவர், தம் உடைமை அனைத்தையும் தானமாக அளிக்க வேண்டிய வேள்வி ஒன்றை இயற்றுகிறார். தட்சிணைக்காகப் பசுக்கள் ஓட்டிவரப்படுகின்றன. அவையோ மேயவும் வலுவின்றித் தளர்ந்தவை, மடி வற்றியவை, இனிக் கன்று ஈனாதவை. எண்ணிக்கையில் குறைவில்லை, சடங்கிலும் பிழையில்லை. தனக்குப் பயன்படாததைக் கொடுத்துவிட்டுப் புண்ணியத்தை எதிர்பார்க்கும் மனித இயல்பு மட்டும் அங்கே வெளிப்பட்டு நிற்கிறது.

இதைக் கண்ட சிறுவன் நசிகேதனுள் சிரத்தை புகுந்தது என்கிறது உபநிஷத்து. சிரத்தை என்பதற்கு ஆஸ்திக்ய புத்தி என்று பொருள் உரைக்கிறார் ஆதிசங்கரர். அந்தச் சிரத்தை அவனைக் கைகூப்பி மௌனமாக இருக்கச் செய்யவில்லை, சிந்திக்கச் செய்தது. தன்னை யாருக்குக் கொடுக்கப் போகிறீர் என்று தந்தையை மூன்று முறை கேட்கச் செய்தது. வேள்வியில் நம்பிக்கை இல்லாதவனாக இருந்தால், கிழப்பசுக்கள் அவனை ஏன் வருத்த வேண்டும்? அது மெய் என்று நம்பியதனால்தான், அது பொய்யாக நடப்பதை அவனால் பொறுக்க முடியவில்லை. அவனுடைய வினா நம்பிக்கையின் குழந்தை.

சினம் கொண்ட தந்தை, எமனுக்குக் கொடுத்தேன் என்று கூறிவிடுகிறார். எமனுடைய இல்லத்தில் மூன்று இரவுகள் உண்ணாமல் காத்திருந்த சிறுவனுக்கு மூன்று வரங்கள் கிடைக்கின்றன. முதல் வரமாக அவன் வேண்டியது, தந்தையின் சினம் தணிந்து அவர் மனம் அமைதியுற வேண்டும் என்பது. தந்தையின் செயலை வினவியவனுக்குத் தந்தையின்மீது வெறுப்பு இல்லை. இரண்டாவது வரத்தால் அக்கினி வித்தையை அறிகிறான். மூன்றாவதாக, இறந்தபின் மனிதன் இருக்கிறானா இல்லையா என்று கேட்கிறான். பொன்னும் யானைகளும் நெடிய ஆயுளும் தருவதாகச் சொல்லி எமன் அந்த வினாவைக் கைவிடச் சொல்கிறான். இவை யாவும் நிலையாதவை என்று சிறுவன் மறுத்துவிடுகிறான்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. ஆத்ம ஞானம் வெறும் தர்க்கத்தால் அடையத்தக்கதன்று என்று எமன் தெளிவாக உரைக்கிறான். அதே எமன், இத்தகைய கேள்வியாளனே தனக்கு மாணாக்கனாக வாய்க்க வேண்டும் என்றும் விரும்புகிறான். இவை முரண்பட்டவை அல்ல. வெல்வதற்காகச் செய்யும் வாதம் வேறு. அறிவதற்காகக் கேட்கும் வினா வேறு. முன்னது அகந்தையை வளர்க்கும். பின்னது பணிவில் முடியும்.

அறிவுக்குரிய இடத்தையும் அந்நூல் காட்டுகிறது. உடல் தேர், புலன்கள் குதிரைகள், மனம் கடிவாளம், புத்தி தேரோட்டி, ஆன்மாவே தேருக்கு உரியவன். தேரோட்டி தன்னையே தலைவனாகக் கருதிக்கொண்டால் தேர் செல்ல வேண்டிய இடத்தை மறந்துவிடும். தேரோட்டியே வேண்டாம் என்று இறக்கிவிட்டாலோ குதிரைகள் தேரைப் பள்ளத்தில் தள்ளும்.

சன்னிதியில் நிற்கும் குழந்தை, சுவாமிக்கு ஏன் நைவேத்தியம் செய்கிறோம், அவர் உண்பாரா என்று கேட்கும்போது, அப்படியெல்லாம் கேட்கக்கூடாது என்று அதன் வாயை அடைப்பது நம் வீடுகளில் வழக்கமாக இருக்கிறது. அவ்வாறு அடக்கப்படும் வினா மறைவதில்லை. வளர்ந்தபின் ஏளனமாக வெளிப்படுகிறது. விடை தெரிந்தால் சொல்லலாம். தெரியாவிட்டால், தெரியவில்லை, பெரியோரைக் கேட்டு அறிவோம் என்று கூறுவதில் இழுக்கு ஏதுமில்லை. மூன்றாம் வரத்தைக் கேட்டவுடன், தேவர்களுக்கும் முன்னர் இதில் ஐயம் இருந்தது என்று எமதருமனே ஒப்புக்கொண்டான் அல்லவா?