ஓய்வும் ஒரு பயிற்சிதான்!

விடியும் முன்பே சேலையூர் கேம்ப் ரோட்டில் ஓடுகிறவர்களைப் பார்க்கலாம். ஜனவரி சென்னை மாரத்தானுக்குத் தயாராகும் பலருக்கு ஒருநாள் ஓடாவிட்டாலே மனசு குறுகுறுக்கும்.

1960-களில் அமெரிக்காவின் ஒரிகன் பல்கலைக்கழகப் பயிற்சியாளர் பில் பவர்மேன், அளவுக்கு மீறி ஓடித் தளர்ந்த மாணவர் கென்னி மூருக்குக் கட்டுப்பாடு போட்டார். மூன்று வாரத்துக்கு, அவர் சொன்ன அளவுக்கு மேல் ஓடக் கூடாது! அடுத்து ஓடிய பந்தயத்தில் மூரின் வேகம் கூடியிருந்தது. 1972 மியூனிக் ஒலிம்பிக் மாரத்தானில் நான்காவதாக வந்தார்.

ஓட்டம் தசையைக் களைப்பாக்கும். அதைச் சரிசெய்து வலுவாக்குவது தூக்கமும் சாப்பாடும்தான். ஓய்வே இல்லாவிட்டால் கால் எலும்பில் விரிசல் விழலாம். கடினமாக ஓடிய மறுநாள், பேசிக்கொண்டே ஓடும் வேகம் போதும். காலையில் எழுந்ததும் நாடித்துடிப்பு வழக்கத்தைவிட அதிகமா? அன்று ஷூவுக்கும் லீவு கொடுங்கள்.